தாயின் பேச்சுக்கு இலக்கணம் கண்ட ஜோசப் ரைட்

இங்கிலாந்தின் வடபால் அமைந்த யார்க்‌ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரை அடுத்த கம்பளி ஆலை ஒன்றில், 1870ஆம் ஆண்டில் நண்பகல் உணவு வேளைதோறும் ஒரு காட்சி நிகழ்ந்து வந்தது. பிரெஞ்சு நாட்டுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டிருந்த காலம் அது. எழுத்தறிந்த தொழிலாளர் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். ஏனையோர் சூழ அமர்ந்து கேட்பர். கேட்டவர்களுள் பதினைந்து வயது இளைஞன் ஒருவனும் இருந்தான். பிறர் வாய்வழியாகவே உலகை அறிய வேண்டியிருக்கும் தன் நிலை அவனை உறுத்தியது. தானே படிக்கக் கற்பது என்று உறுதி பூண்டான். அவன் பெயர் ஜோசப் ரைட். 31 ஆண்டுகளுக்குப் பின், 1901இல், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் முல்லர் வகித்த ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் பதவியில் அமர்ந்தவர் அவரே.

ஏழைச் சிறுவன் பேராசிரியரான வரலாறு என்ற அளவிலேயே இதனைச் சொல்லி முடித்துவிடலாம். அத்தகைய வரலாறுகள் நம்மிடையேயும் பல உள. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலருக்கென்று ரைட்டின் வாழ்வை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. கல்வியின் படிகளில் ஏறுகிறவர் தம் தாயிடம் கற்ற பேச்சைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது எந்நாட்டிலும் எழுதாச் சட்டமாக இருந்து வருகிறது. ரைட் அச்சட்டத்துக்குப் பணியவில்லை. உச்சிப் படியில் நின்றுகொண்டு கீழ்ப்படியின் பேச்சுக்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். கவிதை எழுதும் நம்மவர்க்கு, எச்சொல் செய்யுளில் நிற்கும், எச்சொல் நில்லாது என்ற ஐயம் நாள்தோறும் எழுவது. அவ்வையம் உடையார்க்கு இவ்வாழ்வு பயன்படும் என்று கருதுகிறேன்.

ரைட் 1855 அக்டோபர் 31ஆம் நாள் தாக்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை டஃப்டன் நெசவாளர். கல்லுடைக்கும் தொழிலும் செய்தவர். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அவரிடம் மிகுதியாக இருந்ததாகத் தெரியவில்லை. தாய் சாரா ஆன் பிள்ளைகளோடு சிறிது காலம் ஏழையர் விடுதியில் தங்கியிருக்க நேர்ந்தது. ஆறு வயதில் ஜோசப் கற்சுரங்கத்தில் கழுதை ஓட்டும் பையனானான். கல்லுடைப்போரின் மழுங்கிய உளிகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூர்தீட்டி மீட்டுக் கொணர்வது வேலை. ஏழாம் வயதில் சால்ட்டேர் ஊரில் டைட்டஸ் சால்ட் என்பவர் நிறுவிய பெரிய நூற்பாலையில் சேர்ந்தான். நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றிவிட்டு வெறும் பாபின்களை விரைந்து மாட்ட வேண்டும். சிறு கைகளுக்கே அவ்வேலை எளிது என்பதால் சிறுவர்களை அதற்கு அமர்த்தினர். அரைநாள் ஆலை, அரைநாள் ஆலைப் பள்ளி. வாழ்நாளில் அவன் பயின்ற சிறுவர் பள்ளி அது ஒன்றே. அங்கிருந்து வெளிவந்தபோதும் செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. 1866இல் தந்தை இறந்தார். பதின்மூன்றாம் வயதில் ஜோசப் வேறோர் ஆலைக்குச் சென்று கம்பளி மயிரைத் தரம் பிரிக்கும் தொழிலைக் கற்றான். விரலால் தடவியே மயிரின் நுண்மையை அறியும் தொழில் அது. பின்னாளில் உயிரொலிகளைத் தரம் பிரித்த காது, அந்த விரல்களோடு உறவுடையது என்று எண்ணத் தோன்றுகிறது.

எழுத்தைக் கற்க அவன் தேர்ந்தவை இரண்டு நூல்கள்: விவிலியமும், பனியன் எழுதிய பரதேசியின் மோட்சப் பயணமும். இவ்விரண்டுமே வீட்டில் கிடைக்கக் கூடியவை. பின்பு இரவுப் பள்ளியில் பிரெஞ்சும் ஜெர்மனும் பயின்றான். பிட்மன் சுருக்கெழுத்தைத் தானே கற்றான். பதினெட்டு வயது நிறைந்தபோது தன் தாயின் வீட்டிலேயே ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு பென்னி கட்டணம் பெற்று, தன்னை ஒத்த ஆலைத் தொழிலாளர்க்குக் கற்பித்தான். எழுத்தறிந்து மூன்றாண்டுகளுக்குள் ஆசிரியன்!

1876இல் ஆலை சில காலம் மூடப்பட்டது. யார்க்‌ஷயர்ப் பேச்சில் லேக் என்றொரு வினைச்சொல் உண்டு. விளையாடுதல் என்பது பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்குக் குடியேறிய வடநாட்டுக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்த சொல் அது. ஆலை மூடப்பட்டு வேலையின்றி இருப்பதையும் அவ்வூர்த் தொழிலாளர் அதே சொல்லாலேயே குறித்தனர். வேலையில்லாக் கொடுமையை விளையாட்டு என்று சொல்லும் அந்த நகையின் கசப்பு, ஏட்டு ஆங்கிலத்தில் எச்சொல்லுக்கும் இல்லை. ரைட் அந்த நாள்களை வீணாக்கவில்லை. சேமித்து வைத்திருந்த 40 பவுனை எடுத்துக்கொண்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறினார். அங்கிருந்து ஹைடல்பர்க் நகருக்குப் புகைவண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி நடந்தே சென்றார். தொலைவு 250 மைலுக்குக் குறையாது. கைப்பொருள் தீரும் வரை அங்கு ஒரு பருவம் ஜெர்மனும் கணக்கும் பயின்று ஊர் திரும்பினார். பின்னர்ச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை. இடையில் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகள். 1882இல் மீண்டும் ஹைடல்பர்க் சேர்ந்தார்.

கணக்குப் பயிலும் எண்ணத்தோடு இருந்தவரை மொழிநூலுக்குத் திருப்பியவர் ஹெர்மன் ஓஸ்தோஃப் என்னும் பேராசிரியர். இவரும் லைப்சிக் நகரத்துக் கார்ல் புருக்மனும் இளம் இலக்கணத்தார் எனப் பெயர் பெற்ற குழுவின் முதல்வர்கள். ஒரு மொழியில் ஒலி மாறும்போது அம்மாற்றம் கண்டபடி நிகழ்வதன்று, விதிப்படியே நிகழ்கிறது என்பது அவர்கள் கொள்கை. அதனினும் நமக்கு வேண்டியது ஒன்றை அவர்கள் 1878இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் வற்புறுத்தினர். இறந்துபட்ட மொழிகளின் எழுத்துகளையே நோக்கிக் கொண்டிராமல், இன்று மக்கள் வாயில் வழங்கும் பேச்சுகளை ஆராய வேண்டும். எழுத்து ஒலியை மறைக்கும், வாய் மறைக்காது என்பதே அவர்கள் கருத்தின் சாரம். ஹைடல்பர்கில் அமர்ந்து இதனைக் கேட்ட மாணவர்களுள் பலர்க்கு இது ஒரு கோட்பாடு. ரைட்டுக்கு இது தம் வீட்டுச் செய்தி. தாம் பேசத் தயங்க வேண்டியதாகப் பிறர் கருதிய பேச்சே ஆராய்ச்சிக்கு உரிய மூலப்பொருள் என்று ஐரோப்பாவின் தலைசிறந்த மொழிநூலார் சொல்கின்றனர் என்றால், அவர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்! 1885இல் கிரேக்க மொழி உயிரொலிகளைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். தொடர்ந்து லைப்சிக்கில் தங்கிப் புருக்மனின் பெருநூலின் முதற்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1888இல் மாக்ஸ் முல்லரின் ஆதரவோடு ஆக்ஸ்போர்டில் கற்பிக்கத் தொடங்கினார்.

1892இல் அவர் வெளியிட்ட விண்ட்ஹில் கிளைமொழி இலக்கணமே என் நோக்கில் அவருடைய தலையாய நூல். விண்ட்ஹில் அவர் வளர்ந்த ஊர். வளர்ந்து ஆளாகும் வரையில் அவ்வூர்ப் பேச்சைத் தவிர வேறு பேச்சைத் தாம் பேசியதில்லை என்று நூலில் அவர் தெளிவாகக் குறிக்கிறார். பிறர் நாவை ஆராயப் புறப்படும் அறிஞர்க்கு உள்ள இடர்கள் அவர்க்கு இல்லை. தம் நாவே ஏடு. அந்நூலில் அவர் காட்டியது யாது? ஆலைத் தொழிலாளரின் பேச்சு, நல்ல ஆங்கிலத்தைக் கெடுத்துப் பேசும் பேச்சன்று. பழைய ஆங்கிலத்திலிருந்து தனக்கே உரிய வழியில், தனக்கே உரிய ஒலி விதிகளோடு வளர்ந்து வந்த பேச்சு அது. லண்டன் ஆங்கிலம் அதற்குத் தாயன்று, தமக்கையே.

ஒரு சான்று கூறலாம். இறைச்சியைக் குறிக்கும் சொல்லும் சந்தித்தலைக் குறிக்கும் சொல்லும் ஏட்டு ஆங்கிலத்தில் எழுத்தால் வேறுபடுவன. ஒலியால் இரண்டும் மீட் என்றே வழங்குவன. ஏன் வேறு வேறாக எழுத வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் திகைப்பர். மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை. விண்ட்ஹில் ஊரானோ இறைச்சியை மியட் என்பான். சந்தித்தலை மீட் என்பான். முற்காலத்தில் இவ்விரு சொற்களின் உயிரொலிகள் வேறு வேறாகவே இருந்தன. லண்டன் நாவு அவ்வேற்றுமையை இழந்தது; எழுத்து அதனை உயிரின்றிச் சுமக்கிறது; எழுத்தறியாத யார்க்‌ஷயர்க் கிழவி அதனை உயிரோடு வைத்திருந்தாள். நீ, நீர் என்பவற்றுக்கு ஒப்பான வேறுபாட்டையும் ஏட்டு ஆங்கிலம் கைவிட்டுவிட்டது. நெருங்கியவரை அழைக்கும் பழைய முன்னிலைச் சொல் யார்க்‌ஷயரில் அன்றாட வழக்கில் நின்றது.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. நான் நாஞ்சில் நாட்டுப் பக்கம் பிறந்தவள். என் பாட்டிக்குக் கையெழுத்திடவும் தெரியாது. கரி என்பதையும் கறி என்பதையும் அவர் ஒருபோதும் ஒன்றுபோல ஒலித்ததில்லை. நானும் அவ்வாறே ஒலித்து வளர்ந்தேன். கல்லூரிக்கு வெளியூர் சென்றபோது என் றகரத்தைக் கேட்டு விடுதித் தோழியர் நகைத்தனர். ஆசிரியர் ஒருவரும் உடன் நகைத்தார். ஓராண்டுக்குள் அதனைத் தேய்த்து மழுக்கிக்கொண்டேன். இன்று நான் தமிழ் விரிவுரையாளர். ரகர றகர வேறுபாட்டைப் பட்டியலிட்டு மாணவியர்க்கு மனப்பாடம் செய்விக்கிறேன். என் நாவில் இருந்ததைக் களைந்துவிட்டு, அதனையே கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ரைட்டின் நூல் எனக்குத் தந்த குற்ற உணர்வை வேறெந்த மொழிநூலும் தந்ததில்லை.

விண்ட்ஹில் இலக்கணத்துக்கு முன்பே பெரும்பணி ஒன்று அவரை நாடி வந்திருந்தது. இங்கிலாந்தில் 1873இல் நிறுவப்பெற்ற ஆங்கிலக் கிளைமொழிக் கழகத்தார் ஊர்தோறும் சொற்களைத் தொகுத்து வந்தனர். அவற்றை ஓர் அகராதியாக்க வல்லார் ஒருவரை அதன் தூணாக விளங்கிய பேராசிரியர் ஸ்கீட் தேடிக்கொண்டிருந்தார். ரைட்டிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டபோது வந்து சேர்ந்த துண்டுச்சீட்டுகளின் எடை ஏறத்தாழ ஒரு டன். அதுவும் போதாது என்று கண்ட ரைட், நாடெங்கும் உள்ள ஊர்ப் பாதிரிமார், ஆசிரியர், மருத்துவர், உழவர் எனப் பலர்க்கும் வினாத்தாள்களை அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் ஊதியமின்றி உழைத்தனர். சீட்டுகளின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. பதிப்பிக்க முன்வரும் வெளியீட்டாளர் இல்லாமையால் ரைட் தாமே வெளியீட்டாளரானார். தம் சேமிப்பை முன்வைத்தார். முன்பணம் கட்டுவோரைத் திரட்டத் தம் கைப்பட ஆயிரக்கணக்கான மடல்கள் எழுதினார். ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்தார் இடம் மட்டும் தந்தனர். அவ்விடத்தை அவரும் உடனுழைத்தோரும் பட்டறை என்றே அழைத்தனர்.

1898இல் தொடங்கி 1905இல் ஆறு தொகுதிகளாக ஆங்கிலக் கிளைமொழி அகராதி நிறைவுற்றது. அதற்கு முந்திய 200 ஆண்டுகளில் வழங்கியதாகச் சான்றுள்ள வட்டாரச் சொற்கள் அதில் இடம்பெற்றன. சொல் ஒவ்வொன்றும் எந்தெந்தப் பகுதியில் வழங்குகிறது, எவ்வாறு ஒலிக்கப்படுகிறது, எப்பொருளில் ஆளப்படுகிறது என்று சான்றுகளோடு காட்டப்பெற்றுள்ளது. பிள்ளை விளையாட்டுகள், உழவுக் கருவிகள், மழையின் வகைகள், வசைகள் யாவும் அதில் உள. ஆறாம் தொகுதியோடு கிளைமொழிகள் அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றையும் அவரே எழுதிச் சேர்த்தார். கழகத்தார் தம் பணி முடிந்ததெனக் கருதி 1896இலேயே கலைந்துவிட்டனர். ஒரு மனிதர் மேசையில் ஏறிய பின் கழகம் தேவையில்லை என்று எண்ணினர் போலும்.

நம் நாட்டில் தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே வைத்தார். ஆயினும் திசைச்சொற்களைத் திரட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற நெடுங்காலம் ஆயிற்று, கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் தான் வந்தது. அதனைச் செய்தவரும் பல்கலைக்கழகத்தார் அல்லர், கரிசற் காட்டு உழவர் என்பது கருதத்தக்கது.

1905ஆம் ஆண்டு இலக்கணத்தின் முன்னுரையில் ரைட் ஒரு செய்தியைத் தயக்கமின்றிச் சொல்கிறார். கல்வி பரவியதாலும் ஊர்களுக்கிடையே போக்குவரவு பெருகியதாலும் கலப்பற்ற ஊர்ப்பேச்சு விரைந்து மறைந்து வருகிறது. இருபது ஆண்டுகள் பிந்தியிருந்தால் இவ்வளவும் கிடைத்திரா என்பது அவர் கணிப்பு. இங்கே நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகட்கும் பள்ளி அமைக்க வழிகோலிய சட்டம் 1870இல் நிறைவேறியது. அதே 1870இல் தான் ஆலை இளைஞன் ரைட் எழுத்தறியப் புகுந்தான். எந்தக் கல்வி அவனைக் கழுதை வண்டியிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு உயர்த்தியதோ, அந்தக் கல்வியே அவன் ஊர்ப் பேச்சின் வேரை அறுத்தது. பள்ளி வேண்டா என்று அவர் ஒருகாலும் சொன்னவரல்லர். சொல்லவும் இயலாது, எழுத்தறியாமையின் வலி அவர்க்குத் தெரியும். பேச்சு மாய்வதையும் அவரால் தடுக்க இயலவில்லை. சீட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

அவர்தம் இல்லற வாழ்வில் இன்பமும் துன்பமும் கலந்தே இருந்தன. 1896இல் தம் மாணவியாக இருந்த எலிசபெத் மேரி லீ என்பாரை மணந்தார். அகராதிப் பணியிலும் பின்னர் 1908இல் வெளிவந்த பழைய ஆங்கில இலக்கணத்திலும் அவ்வம்மையார் உடனுழைத்தார். ஊர்ப்புறப் பேச்சையும் நாட்டார் நம்பிக்கைகளையும் பற்றி 1913இல் தாமே தனிநூல் எழுதினார். மகனும் மகளுமாகப் பிறந்த இரு மக்களையும் இளமையிலேயே இழந்தனர். ஆக்ஸ்போர்டில் கட்டிய வீட்டுக்குப் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார் ரைட். யார்க்‌ஷயர் ஒலிப்பு அவர் பேச்சில் இறுதிவரை மாறவில்லை. கோதிய மொழியில் அத்திமரத்தின் பெயரைச் சொன்னால் நாவால் உதட்டை நக்கும்படி தம் நாயைப் பழக்கி வைத்திருந்தாராம். தேநீருக்கு வந்த மாணவர்க்கு அதனைக் காட்டி மகிழ்வாராம். அம்மாணவர்களுள் டோல்கியனும் ஒருவர். பள்ளி நாளில் ரைட்டின் கோதிய மொழிச் சிறுநூல் கைக்குக் கிடைத்ததே அவரை மொழிநூலின்பால் ஈர்த்தது; கற்பனை மொழிகளைப் படைத்துப் புகழ்பெற்ற அந்த எழுத்தாளரின் கல்வி இவ்வாறு ஓர் ஆலைத் தொழிலாளரிடம் வந்து சேர்கிறது.

பெரியவர் என்பதற்காகக் குறையை மறைத்தல் வேண்டா. ஆக்ஸ்போர்டில் அவர் முதன்முதலிற் கற்பித்தது பெண்களுக்கே. மாணவியர்க்கு உழைத்தவர் என்ற புகழும் அவர்க்கு உண்டு. அவ்வாறிருந்தும் பல்கலைக்கழக ஆட்சியில் பெண்கள் வாக்குரிமை பெறுவதை அவர் விரும்பவில்லை. ஆண்களைப் போலத் தனித்து நின்று முடிவு செய்யும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை என்பது அவர் எண்ணம். எலிசபெத் அம்மையார் பக்கத்து மேசையில் இருக்க, இவ்வெண்ணம் அவர்க்கு எப்படி வந்ததோ!

தாய் சாரா ஆன் நடுவயது கடந்த பின்னரே படிக்கக் கற்றார். மகன் அவரை ஆக்ஸ்போர்டுக்கு அழைத்து வந்து, பெயர்பெற்ற ஆல் சோல்ஸ் கல்லூரியின் கட்டடத்தைக் காட்டினாராம். அம்மையார் அதனை நன்றாக உற்றுநோக்கிவிட்டு, நல்லதொரு கூட்டுறவுப் பண்டகசாலைக்கு ஏற்ற இடம் என்று தம் ஊர்ப் பேச்சிலேயே மதிப்பிட்டாராம். மகன் அதனைப் பிறரிடம் சொல்ல நாணவில்லை. நாணியிருந்தால் நமக்கு இச்செய்தி கிட்டியிராது.

1925இல் ரைட் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1930 பிப்ரவரி 27ஆம் நாள் காலமானார். இறுதியாக அவர் வாயினின்று வந்த சொல் அகராதி என்பதே என்று கூறுவர். அவர் விட்ட இடத்திலிருந்து லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 1950க்குப் பின் 313 ஊர்களில் பேச்சாய்வு நடத்தினர். பிற்காலத்தில் ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்பிரக் பல்கலைக்கழகத்தார் ஆறு தொகுதிகளையும் கணினியில் ஏற்றினர். எலிசபெத் அம்மையார் கணவரின் வாழ்வை இரண்டு தொகுதிகளாக எழுதி 1932இல் வெளியிட்டார்.